தானியங்கி இற்றைப்படுத்தலை ஒத்திவைத்தல்

தானியங்கி இற்றைப்படுத்தல் என்பது இயங்குதளம் தனக்கான திருத்தங்களை இணையத்திலிருந்து தானே பதிவிறக்கி நிறுவிக்கொள்ளும் முறையாகும். இதன்பின் கணினியைப் பெரும்பாலும் மீளத்தொடங்க வேண்டியிருக்கும். காஞ்சிபுரம் பட்டுப்புடவைகளின் கரை, முந்தி வடிவங்கள் கணினியில் வரையப்பட்டு ஜக்கார்டு அட்டைகளில் துளையிடப்படுகின்றன. வரையும்போது கணினி தானே மீளத்தொடங்கினால் சேமிக்காத வடிவம் அழிந்துவிடும்.

இதைத் தவிர்க்க, விண்டோசு 11இன் அமைப்புகளில் "விண்டோசு அப்டேட்" பகுதியில் "ஆக்டிவ் அவர்ஸ்" எனப்படும் பணிநேரத்தை 18 மணிநேரம் வரை குறிக்கலாம். அந்நேரத்தில் கணினி தானே மீளத்தொடங்காது. இற்றைப்படுத்தலைச் சில வாரங்கள் ஒத்திவைக்கவும் இயலும்.

முற்றாக நிறுத்துவது தீங்கானது. வானாகிரை தீநிரல் பயன்படுத்திய வழுவுக்கு, ஆதரவிலிருந்த விண்டோசு பதிப்புகளுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சு 14 அன்றே வெளியிட்டது. மே 12 முதல் தீநிரல் பரவியபோது, திருத்தம் நிறுவப்படாத கணினிகள் உலகெங்கும் முடங்கின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் பாதிக்கப்பட்டன.