தேன் நிறக் கல்லில் ஒரு நெசவாளர் லயம்

பிஸ்கட் டின் மூடியிலும் நாள்காட்டியிலும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தேன் நிறத்தில் சிறு சிறு கல் வீடுகள், செங்குத்தான கூரை, வாசலில் ரோஜாக் கொடி, எதிரே ஓர் ஓடை. அது ஓவியரின் கற்பனை அன்று. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் அத்தகைய கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. காலையில் லண்டனிலிருந்து வழிகாட்டியுடன் பஸ்ஸில் புறப்பட்டால், சில கிராமங்களைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். வாருங்கள், நாமும் ஒரு நாள் போய்வருவோம்.

ஆக்ஸ்ஃபோர்டு நகரைத் தாண்டியதும் மேடும் பள்ளமுமாகப் பசும்புல் வெளிகள். காரை பூசாமல் கல்லை அடுக்கியே எழுப்பிய வேலிச் சுவர்கள். உள்ளே செம்மறியாடுகள். இவ்வட்டாரத்தின் செல்வமெல்லாம் ஒரு காலத்தில் இந்த ஆடுகள் தந்ததுதான். இவற்றின் உரோமம் இத்தாலி வரை விலைபோயிற்று. சிப்பிங் கேம்டன் ஊரின் பெரிய தேவாலயத்தில், 1401-இல் இறந்த வில்லியம் கிரெவல் என்ற உரோம வணிகரின் உருவத்தைப் பித்தளைத் தகட்டில் காணலாம்.

அடுத்தது பூர்ட்டன். ஊர் நடுவே விண்ட்ரஷ் ஆறு. அதன்மேல் தாழ்வான கல் பாலங்கள். இதே ஊரை ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கல்லாலேயே கட்டி, 1937-இல் திறந்து வைத்தார்கள். அந்தக் குட்டி ஊருக்குள் அதைவிடக் குட்டியாக இன்னோர் ஊர்! பிள்ளைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

கடைசியாக பைபரி. கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மோரிஸ் வியந்து போற்றிய கிராமம். இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற ஆர்லிங்டன் வரிசை இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். ஒரே நீளமான கூரை. நம்மவர் பார்த்தால் "இது லயம் அல்லவா?" என்றுதான் கேட்பார்கள். உண்மையும் அதுவே. சுமார் 1380-இல் உரோமக் கிடங்காகக் கட்டப்பட்டது, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் நூல் நூற்பார்கள். ஆண்கள் தறியில் உட்காருவார்கள். நெய்த துணியை எதிரேயுள்ள புல் திட்டில் சட்டங்களில் விரித்துக் காயவைப்பார்கள். அத்திட்டுக்கு இன்றும் 'சட்டத் தீவு' என்ற பொருளில்தான் பெயர்.

பிறகு இயந்திரத் தறிகள் வந்தன. தொழில், நிலக்கரி கிடைத்த யார்க்‌ஷயர் பக்கம் போயிற்று. கைத்தறிக்காரர்கள் கூலியின்றித் தவித்தார்கள். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் பணமில்லை. நாம் இன்று வியக்கும் அழகு, வறுமை காத்துக்கொடுத்த அழகு! இப்போது அவ்வரிசை, நேஷனல் டிரஸ்ட் என்னும் பொதுநல அமைப்பின் பாதுகாப்பில் உள்ளது. வட்டாரத்தில் வீட்டு விலையோ, உள்ளூர் இளந்தம்பதியர் வாங்க முடியாத உயரத்தில்!

வணிகரின் பெயர் பித்தளையில் நிற்கிறது. தறியடித்தவர்களின் பெயரை, அங்கே படம் எடுப்போரில் எத்தனை பேர் கேட்கிறார்கள்?

நம் நாட்டிலும் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் மறைந்துவிட்டன. உங்கள் லயம் இன்னும் நின்றால், ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த வீட்டில் யார் இருந்தார், என்ன வேலை செய்தார் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, பின்புறம் எழுதுங்கள். பிள்ளைகள் கையாலேயே எழுதட்டும்.