கரண்ட் வருதுன்னா போதுமா? வயரிங் சோதனைக்கு மல்டிஃபங்ஷன் டெஸ்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

புது வீட்டுக்கு வயரிங் முடிஞ்சாச்சு. லைட் எரியுது, ஃபேன் சுத்துது. “எல்லாம் சரியா இருக்காண்ணே?” என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எலக்ட்ரீஷியன் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து பிளக் பாயிண்டில் வைக்கிறார். உள்ளே சின்ன விளக்கு மினுக்குகிறது. “பாருங்க சார், கரண்ட் வருது!”

கரண்ட் வருவது சரி. ஆனால் அது வரக்கூடாத இடத்துக்கு, அதாவது வாஷிங் மெஷின் உடம்புக்கோ கிரைண்டர் உடம்புக்கோ வந்துவிட்டால், உடனே நிற்குமா? இந்தக் கேள்விக்கு அந்த சின்ன விளக்கு பதில் சொல்லாது. பதில் சொல்லும் கருவிக்குப் பெயர் மல்டிஃபங்ஷன் டெஸ்டர். பல சோதனைகளை ஒரே பெட்டிக்குள் அடக்கிய இந்தக் கருவியின் விலை பல ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தையும் தாண்டும். அதனால் வாங்கப் போகும் வயர்மேன்களும், வீட்டு வயரிங்கைச் சோதிக்கச் சொல்லும் பொதுமக்களும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு சின்னக் கணக்கு

நம்ம ஊரில் பெரும்பாலான தனி வீடுகளுக்குச் சொந்தமாக ஒரு எர்த் குழி இருக்கும். அந்தக் குழியின் எர்த் எதிர்ப்பு 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வாஷிங் மெஷின் உள்ளே பேஸ் கம்பி உரசி, உடம்பில் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்பியர். இவ்வளவுதான் எர்த் வழியாகப் போகும்.

அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. 11.5 ஆம்பியருக்கு அது விழாது. உடனே விழ வேண்டுமானால் 16 ஆம்பியரைப் போல பல மடங்கு பாய வேண்டும். ஆக எம்.சி.பி. நின்றபடியே நிற்கும், மெஷின் உடம்பிலும் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நிற்கும். ஈரக் கையோடு யாராவது தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டிவிடும். ஆனால் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா, எர்த் கம்பி பிளக் பாயிண்ட் வரை முழுசாக வந்திருக்கிறதா என்பதை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

டெஸ்டர் பதில் சொல்ல வேண்டிய நான்கு கேள்விகள்

1. எர்த் கம்பி முழுசாக இருக்கிறதா?
மல்டிமீட்டரில் பீப் சத்தம் கேட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லூஸான இணைப்பிலும் பீப் கேட்கும். எத்தனை ஓம் என்று பார்க்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 20 மீட்டர் ஓடினால் சுமார் கால் ஓம் காட்டும். 4 ஓம், 5 ஓம் என்று காட்டினால் வழியில் எங்கோ இணைப்பு சரியில்லை. வாங்கும் டெஸ்டர் குறைந்தது 200 மில்லி ஆம்பியர் செலுத்தி அளக்க வேண்டும். டெஸ்ட் லீடுகளின் சொந்த எதிர்ப்பைக் கழித்துக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும்.

2. இன்சுலேஷன் நல்லா இருக்கிறதா?
நம்மவர்கள் ‘மெகர் போடுறது’ என்று சொல்வது இதைத்தான். மெயினை அணைத்துவிட்டு, வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் டி.சி. கொடுத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். நல்ல புது வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு அதிகம் காட்டும். எல்.இ.டி. விளக்கு, டி.வி., இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவை கெட்டுப்போகும். கழற்ற முடியாத சர்ஜ் புரொடெக்டர் இருக்கும் இடங்களுக்கு 250 வோல்ட் வசதியும் கருவியில் இருந்தால் கைகொடுக்கும்.

3. ஆர்.சி.சி.பி. நேரத்துக்கு விழுகிறதா?
ஆர்.சி.சி.பி.யில் உள்ள ‘டி’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பட்டன் உள்ளே இருக்கும் பொறியை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பி அறுந்திருந்தாலும் பட்டனுக்கு அது விழும். டெஸ்டர்தான் எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மில்லி விநாடியில் விழுந்தது என்று சொல்லும். சாதாரண 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். ஐந்து மடங்கு, அதாவது 150 மில்லி ஆம்பியரில், 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும்.

கசிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவில் விழுகிறது என்று காட்டும் ‘ரேம்ப்’ சோதனையும் கருவியில் இருக்கட்டும். “ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுது, பைபாஸ் பண்ணிடுங்க” என்று கேட்கும் வீடுகள் ஏராளம். 15 முதல் 30 மில்லி ஆம்பியருக்குள் விழுந்தால் ஆர்.சி.சி.பி. மேல் தப்பில்லை. கசிவு வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. பெரும்பாலும் கீசர், மோட்டார், அல்லது இன்வெர்ட்டர் லைனில் நியூட்ரலை மாற்றிக் கொடுத்திருப்பது. அதைத் தேடிச் சரிசெய்வதுதான் வேலை. பைபாஸ் செய்வது, புகை வருகிறது என்பதற்காக ஃபயர் அலாரத்தைக் கழற்றிப் போடுவது மாதிரி.

4. எர்த் வழி எவ்வளவு நல்லது?
இது லூப் சோதனை. கரண்ட் இருக்கும்போதே செய்வது. சாதாரண லூப் சோதனையில் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். அதனால் ‘நோ-டிரிப்’ லூப் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எர்த் குழியைத் தனியாக அளக்க மண்ணில் கம்பி ஊன்றும் சோதனை வேண்டும். சுற்றிலும் சிமென்ட் தளம் போட்ட நகர வீடுகளில் ஊன்ற இடமே கிடைக்காது, அங்கே லூப் அளவுதான் துணை.

வாங்கும்முன் பாருங்கள்

• கேட் எண்: கருவியிலும் லீடுகளிலும் அச்சிட்டிருக்கும். மெயின் போர்டில் வேலை செய்ய கேட் 3, 600 வோல்ட் வேண்டும். மீட்டர் பக்கம் அளப்பவர்களுக்கு கேட் 4. கருவி கேட் 3 ஆக இருந்து லீடு மட்டமாக இருந்தால் பாதுகாப்பு லீடின் அளவுதான்.

• தர எண்: இந்த வகைச் சோதனைக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 61557. கையேட்டில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

• ஆர்.சி.சி.பி. வகை: ஏ.சி. வகை, ஏ வகை இரண்டையும் சோதிக்க வேண்டும். மின்வாகன சார்ஜர், சோலார் வேலை எடுப்பவர்களுக்கு பி வகையும் தேவைப்படும்.

• காலிபிரேஷன்: என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழோடு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க ஊருக்குப் பக்கத்தில் வசதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

• போனோடு இணைப்பு: புளூடூத் இருந்தால் அளவுகள் நேராக போனுக்கு வந்து அறிக்கை தயாராகிவிடும். வசதிதான், ஆனால் கட்டாயம் இல்லை. காசு குறைவு என்றால் இதை விட்டுவிடலாம், நோ-டிரிப் லூப்பை விட வேண்டாம்.

ஏற்கெனவே நல்ல மெகர் வைத்திருப்பவர் ஆர்.சி.சி.பி.யும் லூப்பும் பார்க்கும் கருவியை மட்டும் வாங்கினாலும் வீட்டு வேலைக்குப் போதும். கையில் எதுவும் இல்லாமல் தொடங்குபவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

வீட்டுக்காரர்கள் என்ன செய்யலாம்?

இந்தச் சோதனைகளை நீங்களே செய்யாதீர்கள். சிலவற்றைக் கரண்ட் இருக்கும்போதே செய்ய வேண்டும். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ளவரையே அழையுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சோதனை அறிக்கையில் ‘நன்று’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்து போட்டால் ஏற்காதீர்கள். எர்த் கம்பி எத்தனை ஓம், இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம், ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி விநாடி, எர்த் வழி எத்தனை ஓம் என்று நான்கு எண்களும் இருக்க வேண்டும். அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சோதிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

மீட்டருக்கு முன்னால், கம்பத்துப் பக்கம் கோளாறு என்று தெரிந்தால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. மின்னகம் 94987 94987 எண்ணில் எந்த நேரத்திலும் புகார் தெரிவிக்கலாம்.

லைட் எரிவது வயரிங் முடிந்ததற்கு அடையாளம். வயரிங் பாதுகாப்பானது என்பதற்கு அடையாளம் அந்த நான்கு எண்கள். இன்றைக்கே உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்: “அண்ணே, நம்ம வீட்டு ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி விநாடியில விழுது?”