எப்போது பிடிக்கணும், எப்போது விடணும்?

எழுந்து நில்லுங்கள். உடம்பை நேராக வைத்து, தொடையை இறுக்காமல் தளர விடுங்கள். பக்கத்தில் தம்பியோ தங்கையோ இருந்தால், உங்கள் முட்டிச்சில்லை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடமும் வலமும் நகரும். இப்போது நாற்காலியில் உட்காரப் போகிறவர்போல முட்டியைக் கொஞ்சமே கொஞ்சம் மடக்குங்கள். சில்லு அசையாது! தொடையின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், இறுகிக் கெட்டியாகி இருக்கும்.

என்ன நடந்தது? நேராக நிற்கும்போது உடம்பின் எடை முட்டிக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. அந்த எடையே முட்டியை நிமிர்த்தி நிறுத்திவிடுவதால் முன்தொடைத் தசைக்கு வேலையே இல்லை. முட்டி மடங்கியதும் எடை அதற்குப் பின்னால் போய்விடுகிறது. அப்போது தசை இழுத்துப் பிடிக்காவிட்டால் பொத்தென்று விழுவோம்.

அந்தத் தசைக்கு நரம்பிலிருந்து கட்டளையே வராவிட்டால்? போலியோ கிருமி அதைத்தான் செய்கிறது. தசைகளை இயக்குகிற நரம்பணுக்களைத் தண்டுவடத்திலேயே கெடுத்துவிடுகிறது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011-இல். ஆனால் அதற்கு முன்பே பாதிக்கப்பட்டவர்கள் இன்று பெரியவர்களாக நம்மோடு இருக்கிறார்கள். விபத்தில் நரம்பு அடிபட்டவர்களுக்கும், சில தசை நோய் உள்ளவர்களுக்கும் இதே சிக்கல்தான். முட்டி சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிடும். சிலர் ஒவ்வோர் அடிக்கும் கையால் தொடையை அழுத்திக்கொண்டே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தசை செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. கெட்டிக்கார வழிதான். ஆனால் அந்தக் கையில் பை தூக்க முடியாதே!

இதற்காக வந்ததுதான் காலிப்பர். தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் உலோகக் கம்பி, நடுநடுவே பட்டை, முட்டிக்கு நேராக ஒரு பூட்டு. எழுந்து நின்றதும் சிறிய வளையம் ஒன்று கீழே சரிந்து மூட்டைக் கவ்விக்கொள்ளும். உட்காரும்போது அதைக் கையால் மேலே தூக்கினால்தான் கால் மடங்கும். விழாமல் இருக்கலாம், சரி. ஆனால் ஒரு காலை மடக்காமலே அறைக்குள் நடந்து பாருங்கள். பாதம் தரையில் தட்டும்; இடுப்பைத் தூக்கித் தூக்கி நடக்க வேண்டியிருக்கும். சாதாரணமாக நடக்கையில், தரையை விட்டு எழும்பிய காலின் முட்டி ஏறக்குறைய 60 டிகிரி மடங்குகிறது. பூட்டுப் போட்ட காலுக்கு அந்த வசதி இல்லை.

எடை இன்னொரு தொல்லை. ஹைதராபாத்தில் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் இருந்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கும் மேல் எடையுள்ள காலிப்பர்களை இழுத்து இழுத்து நடப்பதை அப்துல் கலாம் பார்த்தார். அக்னி ஏவுகணைக்காகத் தயாரித்த லேசான கலவைப் பொருளைக் கொண்டு அவருடைய குழு காலிப்பர் செய்தது. எடை வெறும் 300 கிராம்! அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. விறைப்பான அந்தக் கருவி பாதத்தைத் தாங்கி, கணுக்காலை அசையாமல் பிடித்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் பதிந்திருக்கும். கால் தரையை அழுத்தும்போது தரையும் காலைத் திருப்பி அழுத்தும். நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த எதிர்விசை கருவி வழியாக ஏறி முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்த்திவிடும். பூட்டே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த காலிப்பர் இதுதான். ஆனால் கால் ரொம்பவே பலவீனமானவர்களுக்கு இது போதாது.

அவர்களுக்கு வேண்டியது, பாதம் தரையில் இருக்கும்போது பிடித்து, தூக்கும்போது விட்டுவிடுகிற முட்டி. அப்படித் தானாகவே பூட்டித் திறக்கும் காலிப்பர்களும் வந்தன. சமதரையில் அவை நன்றாக வேலை செய்யும். படி இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும். ஏனென்றால், அப்போது முட்டி உடம்பின் எடையைத் தாங்கியபடியே மெல்ல மெல்ல மடங்க வேண்டும். பூட்டுக்குத் தெரிந்ததோ இரண்டே வேலை: பிடிப்பது, விடுவது.

ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் 1997-இல் செயற்கைக் காலுக்காகக் கணினி முட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. பின்னர் அதே யோசனையைக் காலிப்பரிலும் புகுத்தி, 'சி-பிரேஸ்' என்று பெயர் வைத்தது. வங்கிக் கதவு டமாலென்று அடிக்காமல் மெதுவாக மூடுகிறதல்லவா? கதவின் மேலே உள்ள பெட்டிக்குள் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாகப் போக வேண்டியிருப்பதால்தான் அந்த நிதானம். இந்த முட்டியிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, எவ்வளவு வேகமாக மடங்குகிறது என்பதை உணரிகள் நொடிக்குப் பல பத்து முறை அளக்கின்றன. அதைப் பார்த்து, எண்ணெய் போகும் வழியைக் கணினி சுருக்குகிறது, விரிக்கிறது. அதனால் ஒரு படிக்கு ஒரு கால் வைத்து, எல்லாரையும்போல இறங்கலாம். கல் தடுக்கினாலும் முட்டி சட்டென்று மடங்காது.

இந்த முட்டிக்குச் சொந்த பலம் கிடையாது. மடங்குவதைக் கட்டுப்படுத்துமே தவிர, படியில் நம்மைத் தூக்கி ஏற்றிவிடாது. காலை முன்னே வீச இடுப்பில் ஓரளவு வலு இருக்க வேண்டும். பேட்டரிக்கு மறக்காமல் சார்ஜ் ஏற்ற வேண்டும். விலையோ பல லட்ச ரூபாய். அதனால் நம் ஊரில் பெரும்பாலோர் போட்டிருப்பது இன்றும் பூட்டு வைத்த காலிப்பர்தான். எடையைக் குறைத்துக் காட்டிவிட்டார்கள். விலையைக் குறைக்கும் வேலை மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. உங்களில் யாருக்காவது அது வேண்டுமா?