கல்கத்தாவில் ஓய்ந்த பியானோ

அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களிடையே தோன்றி உலகெங்கும் பரவிய இசை ஜாஸ். அதன் தொடக்க காலப் பியானோ வித்வான்களுள் ஒருவர் நம் நாட்டில் பல ஆண்டுகள் வாசித்து, கல்கத்தாவிலேயே உயிர் நீத்தார் என்பதைப் பலர் அறியார். அவர்தாம் டெட்டி வெதர்போர்டு.

1903இல் வர்ஜீனியா மாநிலத்தில் போகஹாண்டஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். ஜாஸின் தாயகமான நியூ ஆர்லியன்ஸில் இளமையிலேயே பியானோ பயின்றார். பின்னர் சிக்காகோ சென்றார். அது ஊமைப்படக் காலம். வெண்டோம் தியேட்டரில் திரையில் படம் ஓட, எர்ஸ்கின் டேட் என்பவரின் வாத்தியக் குழு உடனிருந்து வாசிக்கும். அக்குழுவில் வெதர்போர்டு பியானோ. லூயி ஆம்ஸ்ட்ராங் எக்காளம். இடக்கை தாளத்தைத் தாங்கித் தாவிச் செல்ல, வலக்கை கற்பனைக்கு இடந்தந்து விளையாடும் முறையில் வெதர்போர்டு வல்லவர். 1926 மே மாதத்தில் அக்குழு பதிவு செய்த இசைத்தட்டில் அவருடைய வேகத்தை இன்றும் கேட்கலாம்.

அதே ஆண்டில் அவர் ஜாக் கார்ட்டர் என்பவரின் குழுவோடு கப்பலேறி ஆசியாவுக்குப் புறப்பட்டார். அந்தப் பயணமே அவர் வாழ்வின் திருப்பம். இரண்டே ஆண்டுகளில், 1928இல், ஆம்ஸ்ட்ராங்கோடு எர்ல் ஹைன்ஸ் என்னும் பியானோ வித்வான் வாசித்த இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஹைன்ஸின் பெயர் ஜாஸ் வரலாற்றில் நிலைபெற்றது. வெதர்போர்டோ கடல் கடந்த தூரத்தில், பதிவாகாத இசையை இரவுதோறும் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. ஷாங்காய் நகரின் நடன அரங்குகளில் புகழ் பெற்றார். 1934இல் தாயகம் சென்று, பக் கிளேட்டன் என்னும் இளைஞரின் குழுவை ஷாங்காய்க்கு அழைத்துவந்தார். அந்தக் கிளேட்டன் பிற்காலத்தில் அமெரிக்காவில் பெரும்புகழ் எய்தினார். பின்னர் வெதர்போர்டு பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தார். 1937இல் பாரிஸ் சென்று தனிப் பியானோத் தட்டுகள் சிலவற்றைப் பதிவு செய்து, மீண்டும் கீழ்த்திசைக்கே திரும்பினார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்கத்தாச் சௌரங்கியிலுள்ள கிராண்ட் ஓட்டலில் அவருடைய குழு வாசித்தது. அமெரிக்கரோடு பர்மாவிலிருந்து வந்தவர்களும் அக்குழுவில் இடம் பெற்றனர். ரூபன் சாலமன், செட்ரிக் வெஸ்ட் ஆகியோர் அத்தகையோர். இங்கே கொலம்பியா நிறுவனத்துக்காக இசைத்தட்டுகளும் பதிவாயின. வெளியே வங்கம் 1943ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தில் வாடியது. உள்ளே போர்வீரர்கள் தங்கள் கவலையை மறக்க இசையை நாடினர். ஒரே வீதியின் இரு காட்சிகள் இவை.

பணக்கார ஓட்டலின் வாயிற்காவலரால் தடுத்து நிறுத்த முடியாதது தொற்றுநோய். அசுத்த நீரால் பரவும் காலராவுக்கு 1945 ஏப்ரல் 25ஆம் நாள் வெதர்போர்டு கல்கத்தாவில் இரையானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. போர் முடியச் சில மாதங்களே எஞ்சியிருந்தன.

ஊர் விட்டு ஊர் சென்று வாழும் நமக்கு இவர் வாழ்க்கை ஒன்றை உணர்த்துகிறது. பிறந்த இடத்தில் இருந்தவனைப் பிறந்த நாடு நினைவில் வைக்கும். அயலூர் சென்றவன் அங்கே எத்தனை பேருக்கு இன்பம் அளித்தாலும், எத்தனை இளைஞருக்கு வழிகாட்டினாலும், அதைப் பிறந்த ஊர் அறியாது. புகுந்த ஊரோ விரைவில் மறந்துவிடும். இரண்டுக்கும் இடையில் அவன் பெயர் நழுவிப் போகிறது. வெதர்போர்டை ஓரளவேனும் காத்தவை சில இசைத்தட்டுகளும் உடன் வாசித்தவர்களின் நினைவும்தாம்.

நம்மிடையேயும் வெளியூர்களில் பாடியும் ஆடியும் கற்பித்தும் மறைந்த கலைஞர் பலர் உண்டு. அவர்கள் வரலாற்றைப் பிறந்த ஊர் எழுதும் என்று காத்திருத்தல் ஆகாது. அருகிருந்து கேட்டவர்களே எழுதி வைத்தல் வேண்டும்.