கருவில் பெறும் பழக்கமும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையும்

கறவை மாடு வளர்க்கும் நமது உறுப்பினர்கள் பலர் ஒரு செய்தியை அனுபவத்தால் அறிந்திருப்பர். பசு இரட்டைக் கன்றுகளை ஈன்று, அவற்றுள் ஒன்று காளையாகவும் மற்றொன்று கிடாரியாகவும் இருக்குமாயின், அக்கிடாரி பெரும்பாலும் சினை பிடிப்பதில்லை. நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவை மலடாகவே நின்றுவிடுகின்றன. கருவில் இரு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் நஞ்சுக்கொடியில் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், காளைக் கன்றின் சுரப்புநீர் கிடாரியின் கருப்பை வளர்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே, தீர்த்தமலைச் சுற்று வட்டாரத்தில் கடன் பெற்று இளங்கிடாரி வாங்குவோர், அது காளையுடன் பிறந்த இரட்டையா என்று விசாரித்து வாங்குதல் நலம்.

மாட்டுக் கொட்டகையின் இச்செய்தியிலிருந்தே மனித வைத்தியத்துக்குரிய ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் என்னும் விஞ்ஞானி இத்தகைய இரட்டை மாடுகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். ஒன்றின் உடலில் மற்றதன் இரத்த அணுக்கள் கலந்திருந்தன. மாடுகள் வளர்ந்த பின்னரும் அக்கலப்பு நீடித்தது. அந்நிய அணுக்களை அழிப்பதே உடலின் இயல்பு. அவ்வாறிருக்க, இவ்வணுக்கள் மட்டும் எங்ஙனம் பிழைத்தன? கருவிலேயே அறிமுகமானதை உடல் பகையாகக் கருதுவதில்லை என்பதே விடை.

1953-இல் இங்கிலாந்தில் பீட்டர் மெடாவரும் அவருடைய சகாக்களும் இதனைச் சோதனையால் நிறுவினர். தாய் வயிற்றிலிருந்த சுண்டெலிக் கருக்களுக்கு வேறோர் இனச் சுண்டெலியின் அணுக்களைச் செலுத்தினர். அவை பிறந்து வளர்ந்தபின் அதே இனத்தின் தோலை ஒட்டியபோது, சிலவற்றின் உடல் அத்தோலைத் தள்ளாமல் ஏற்றுக்கொண்டது. இத்துறையில் ஆற்றிய பணிக்காக மெடாவருக்கும் ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட்டுக்கும் 1960-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதருள் இரட்டையராய்ப் பிறப்போர் சிலரே. ஆனால் தாய் வயிற்றில் வளராதவர் எவருமில்லை. கர்ப்ப காலத்தில் தாயின் அணுக்கள் சிறிதளவு சிசுவின் உடலில் புகுகின்றன. தாய்ப்பாலிலும் அவை உண்டு. சிசுவின் நிணநீர் முடிச்சுகளில் அவை தங்குவதையும், அவற்றின்மீது தாக்குதல் நிகழாதவாறு அடக்கிக் காக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் சிசுவிடம் தோன்றுவதையும் 2008-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். பிறந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும் இப்பழக்கம் முற்றும் மறைவதில்லை.

இதனால் நோயாளிக்கு யாது பயன்? நெசவாளர் அன்பர்களுக்கு நூலைக் கொண்டே விளக்கலாம். ஒவ்வொருவர் உடலிலும் எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் இரு தொகுதிகளாக உள்ளன. தாயிடம் சிவப்பு, மஞ்சள் என இரு நூல்களும், தந்தையிடம் நீலம், பச்சை என இரு நூல்களும் இருப்பதாகக் கொள்வோம். பிள்ளை தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறும். சிவப்பும் நீலமும் பெற்ற ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டதாகக் கருதுக. அவருடைய அண்ணனிடம் மஞ்சளும் நீலமும், தங்கையிடம் சிவப்பும் பச்சையும் உள்ளன. இருவரும் பாதி பொருத்தமே. கணக்கில் இருவரும் சமம். உடலின் அனுபவத்திலோ சமமல்லர். மஞ்சள், நோயாளி தாயிடமிருந்து பெறாத நூலாயினும், கருவில் பழகிய நூல். பச்சையை அவர் உடல் ஒருபோதும் கண்டதில்லை.

இவ்வேறுபாடு சிகிச்சையிலும் தென்படுகிறதா என்பதை விஸ்கான்சினைச் சேர்ந்த வில்லியம் பர்லிங்காமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். தாயின் பழகிய நூலைக் கொண்ட உடன்பிறந்தார் தந்த சிறுநீரகங்களில் நூற்றுக்கு 77, பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் இயங்கின. தந்தையின் பழகாத நூலைக் கொண்டவற்றில் அவ்வாறு இயங்கியவை 49 மட்டுமே. எலும்பு மஜ்ஜை மாற்றிலும் இத்தகைய நன்மை உண்டென்று 2002-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

எனினும் இதனை அளவுக்கு மீறி நம்பலாகாது. பர்லிங்காம் ஆராய்ந்தவர்களில் பழகிய நூலைப் பெற்றவர்களுக்கே தொடக்க மாதங்களில் உடல் எதிர்ப்பு மிகுதியாகத் தோன்றியது. நன்மை பின்னரே புலப்பட்டது. மேலும் இது உடன்பிறந்தார் தரும் சிறுநீரகத்தில் கண்ட பயன். தாயே தருவதற்கும் அப்படியே பொருந்துமென்று கொள்ளுதல் தவறு. எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை எவரும் தாமாக நிறுத்துதல் கூடாது. இரத்தப் பிரிவும், குறுக்குப் பொருத்தச் சோதனையும், கொடுப்பவருடைய உடல்நலமுமே முதற்கண் கருதத்தக்கவை.

இச்சிகிச்சை நமக்கு எட்டாத ஒன்றன்று. இந்தியாவில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று, 1971-இல் நமக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே நிகழ்ந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை இடம்பெற்றுள்ளது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், கணவன் மனைவி ஆகியோரை நெருங்கிய உறவினராக ஏற்கிறது. 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் பாட்டன் பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றமாகும்.

இக்கடைசிச் செய்தியை நமது சங்கங்கள் மனத்திற்கொள்ள வேண்டும். நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடன் சுமையால் தரகர்வழிச் சிறுநீரகம் விற்றதாக 2025-இல் செய்திகள் வெளியாயின. கடன்பட்ட ஏழையின் உடல், பணம் படைத்தவனுக்கு உதிரிப் பாகமாவது பெருங்கொடுமை. உறுப்பினர் வீட்டில் இந்நோய் வந்தால், அயலாரைப் பணத்தால் தேடும் எண்ணத்தை விடுத்து, மனமுவந்து முன்வரும் உறவினரை மருத்துவரிடம் அழைத்துச் செல்க. பாதி பொருத்தம் என்று கேட்டவுடன் உடன்பிறந்தாரை ஒதுக்கிவிடுதல் வேண்டா. தாய் உயிரோடிருப்பின் அவருடைய திசுப் பரிசோதனையும் பயன் தருமா என்று மருத்துவரை வினவுக. இருவர் சமமாகப் பொருந்தி நிற்கையில், எவரிடம் தாயின் பழகிய நூல் உள்ளதென்று அறிய அது உதவக்கூடும். அதே வேளையில், எந்த உடன்பிறந்தாரையும் கட்டாயப்படுத்துதல் அறமாகாது. கொடுப்பவரின் சம்மதம் இல்லாவிடில், எவ்வளவு பொருந்திய சிறுநீரகமும் நமக்கு உரியதன்று.