பாலம் நாவலில் நிற்கிறது, படத்தில் உடைகிறது

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பஸ், கினிகத்தேனைக்கு முன்னால் கித்துல்கலையைக் கடக்கும். நம்மவர்களில் பாதிப்பேர் அப்போது தூக்கத்தில் இருப்பார்கள். சாலைக்குக் கீழே களனி ஆறு ஓடுகிறது. இப்போதெல்லாம் ரப்பர் படகில் ஏறித் துள்ளிப்போக வருகிற கூட்டம்தான் அங்கே அதிகம். ஆற்றங்கரையில் இறங்கிப் பார்த்தால் பாறைகளுக்கிடையே பழைய கொங்கிரீட் அடித்தளங்கள் தென்படும். 1957இல் வெளிவந்து 7 ஒஸ்கார் விருதுகளை வாங்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்காகக் கட்டப்பட்ட மரப்பாலத்தின் மிச்சம் அவை.

கதை நடப்பது தாய்லாந்தில். தண்ணீர் மட்டும் நம்முடையது. நோர்வூட், மஸ்கெலியா மலைகளில் பெய்த மழைதான் கெசல்கமு ஓயாவாகவும் மஸ்கெலி ஓயாவாகவும் இறங்கி, ஒன்றாகி, களனி என்ற பெயரில் அந்தப் பாலத்தின் கீழே ஓடியது.

படம் பார்த்த எவருக்கும் அதன் முடிவு மறக்காது. ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் கேணல் நிக்கல்சன், எதிரிக்காகவே ஒரு பாலத்தைக் கட்டுகிறார். தன் ஆட்களின் திறமையைக் காட்டவேண்டும் என்ற வீம்பில், எதிரி கேட்டதைவிடச் சிறப்பாகவே கட்டிவிடுகிறார். அதைத் தகர்க்கப் பிரிட்டிஷ் படையிலிருந்தே ஒரு சிறு குழு காட்டுக்குள் வருகிறது. இரவோடு ஆற்று நீர் வற்றி வெடிக் கம்பி வெளியே தெரிய, அதைக் கண்டுபிடிப்பவரும் நிக்கல்சன்தான். சண்டை மூள்கிறது. மோட்டார் குண்டு பட்டுத் தள்ளாடும் நிக்கல்சன், வெடிக்கவைக்கும் கருவியின் மேலேயே சாய்கிறார். பாலம் ரயிலோடு ஆற்றில் விழுகிறது.

மூலநாவலில் அந்தப் பாலம் விழவே இல்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952இல் எழுதிய நாவல் அது. மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பொறியியலாளராக இருந்தவர். ‘பிளானட் ஒஃப் த ஏப்ஸ்’ படத்தின் மூலக்கதையும் இவருடையதுதான். அவருடைய நாவலில், நிக்கல்சன் பாலத்தைக் காப்பாற்றத் தன் நாட்டு வீரனையே தடுக்கிறார். மேட்டிலிருந்து பார்க்கும், தகர்ப்புக் குழுவைச் சேர்ந்த வார்டன், தன் தோழர்கள் உயிரோடு பிடிபடக்கூடாது என்று அவர்கள் மேலேயே குண்டு வீசுகிறான். தனியாக வைத்த ஒரு வெடியில் ரயில் மட்டும் கவிழ்கிறது. பாலத்துக்கு ஒரு கீறலும் இல்லை. இதெல்லாம் பின்னர் வார்டன் தன் மேலதிகாரியிடம் சொல்லும் சொற்களாகவே நமக்குத் தெரியவருகிறது.

ஒரே கதை, ஒரு முடிவுக்கு இன்னொன்று நேர் எதிர். ‘சினிமாக்காரன் கெடுத்துவிட்டான்’ என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை.

நாவலில் பாலம் கட்ட ஒரு பலகையும் தேவையில்லை. பூல் எழுத எழுத அது எழும்பியது, நிறுத்தினால் நின்றது. அது உடையாமல் போவது ஒரு கசப்பான சிரிப்பு. இத்தனை வீரம், இத்தனை உயிர். மிஞ்சியது எதிரியின் பாலம். அந்தக் கசப்பை ஒருவன் வாயால் சொல்லவைத்தாலே வாசகருக்கு உறைத்துவிடும். இயக்குநர் டேவிட் லீனின் நிலைமை வேறு. 400 அடிக்கு மேல் நீளமான நிஜப் பாலத்தைக் கித்துல்கலையில் நிறுத்தியாயிற்று. இலங்கை அரச ரயில்வேயிடமிருந்து வாங்கிய பழைய வண்டியும் தயார். 161 நிமிடப் படம் அது. நேரம் போகப்போக, மரம் மரமாக அந்தப் பாலம் எழும்புவதைப் பார்வையாளர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கண்ணுக்கு இவ்வளவு பழகிய ஒன்று கடைசியில் ஒன்றும் ஆகாமல் நின்றால் அரங்கில் இருப்பவருக்குக் கசப்பு வராது, ஏமாற்றம்தான் வரும். கேட்பவருக்குச் சொல் போதும். பார்ப்பவருக்கு நடந்தாகவேண்டும். அதனால்தான் முதல் முயற்சியில் ஏதோ சமிக்ஞைக் குழப்பத்தால் வெடி வெடிக்காமலே ரயில் பாலத்தைக் கடந்துபோனபோதும் விடாமல், மறுபடி ஏற்பாடு செய்து 1957 மார்ச்சில் தகர்த்தார்கள்.

இன்னொரு நுட்பமும் அங்கே இருக்கிறது. நிக்கல்சனின் மண்டைக்குள் ஓடும் நியாயங்களைப் பூல் பக்கம் பக்கமாக எழுதலாம். கமெராவுக்கு மண்டைக்குள் போக வழி கிடையாது, முகத்தோடு நின்றுவிடும். நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸ் கடைசிக் கணத்தில் காட்டும் முகம், தான் செய்துவைத்திருப்பது என்ன என்று அப்போதுதான் புரிந்தவரின் முகம். பிறகு அவர் விழுகிறார். அவராக விழுந்தாரா, குண்டுபட்டதால் சாய்ந்தாரா? நாவல் இப்படி ஒரு கேள்வியை விட்டுவைக்காது. படம் விட்டுவைத்தது. உள்ளே போகமுடியாத கருவியின் குறை, அந்த இடத்தில் அதன் பலமாகிவிட்டது.

ஆனால் எல்லா மாற்றத்தையும் வடிவத்தின் தலையில் கட்டக்கூடாது. பாலத்தைத் தகர்க்க வரும் குழுவில் ஒருவரான ஷியர்ஸ், நாவலில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. படத்தில் அவர் தப்பியோடிய அமெரிக்கக் கைதி. நடித்தவர் ஹொலிவூட் நட்சத்திரம் வில்லியம் ஹோல்டன். இதைக் கமெரா கேட்கவில்லை, டிக்கெட் கவுண்டர் கேட்டது. (திரைக்கதைக்கான ஒஸ்காரும் ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத பூலின் பெயருக்கே போனது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்ட் என்ற முத்திரையால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள். 1984இல்தான், இருவரும் இறந்த பின், அந்தத் தவறு திருத்தப்பட்டது.)

இந்தப் பிரிவினை முக்கியமானது: வடிவம் கேட்ட மாற்றம் ஒன்று, ஆள் தெரிந்து செய்த மாற்றம் இன்னொன்று. முதலாவதற்கு இயக்குநரைக் குறைசொல்லிப் பயனில்லை. இரண்டாவதற்குக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

குவாய் படத்தில் கேட்கவேண்டிய பெரிய கேள்வி நம்மைச் சேர்ந்தது. சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீற்றர். 1942-43இல் அதைப் போட்டவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும் அல்லர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தக் காட்டில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தார்கள். கைதிகளில் இறந்தவர் 12,000 பேருக்கு மேல்; ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. படத்தில் அந்தத் தமிழர்கள் இல்லை. அவர்களைத் தேடுபவர் மலேசிய எழுத்தாளர் சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலுக்குத்தான் போகவேண்டும். தமிழர் குடியிருக்கும் மலைகளின் அடிவாரத்தில், அந்த மலைத் தண்ணீரின் மேலேயே பாலம் போட்டு எடுத்த படத்தில் ஒரு தமிழ்க் கூலியாளும் இல்லை என்பதை ஹட்டன் பஸ்ஸில் போகும்போது நினைத்தால் கொஞ்சம் உறுத்தும்.

இதற்கு மாறான வேடிக்கையும் உண்டு. ரொபர்ட் ஸ்டாண்டிஷ் 1948இல் எழுதிய ‘எலிஃபண்ட் வோக்’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை. யானைகள் நடந்துபோகும் தடத்தை மறித்து ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களா கட்டிவைத்திருக்கிறார் என்பது அதன் மையம். பாரமவுண்ட் நிறுவனம் அதைப் படமாக்க 1953இல் இலங்கைக்கு வந்தது. நாயகி விவியன் லீ நோயுற்றதால், அவருக்குப் பதில் எலிசபெத் டெய்லர் நடித்தார். இலங்கையில் தூரத்திலிருந்து எடுத்த சில காட்சிகளில் இருப்பது இன்னமும் விவியன் லீதான். நாவலாசிரியர் ஒருத்தியாக எழுதிய பெண், திரையில் கிட்டத்தில் ஒருத்தி, தூரத்தில் இன்னொருத்தி.

கமெராவின் குணமே இதுதான். எழுத்தாளர் பெயர் சொல்லாததெல்லாம் நாவலில் இல்லை. கமெராவுக்கு முன்னால் நிற்பதெல்லாம், வேண்டாமென்றாலும், படத்தில் விழுந்துவிடும். துரை, துரைசாணி, மனேஜர் என்று மூவருக்குள் சுழலும் காதல் கதையின் பின்னணியில் தேயிலைச் சரிவுகளும் கொழுந்தெடுக்கும் பெண்களும் பதிவாகியிருப்பது அப்படித்தான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கி ஐந்தே ஆண்டுகளில் எடுத்த படம் இது. கதை அவர்களைப் பொருட்படுத்தவில்லை, பிலிம் பொருட்படுத்தியது.

தமிழில் இந்த இருவகை மாற்றத்துக்கும் உதாரணம் ‘பரதேசி’. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’, இரா.முருகவேளின் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆனது. பாலா அதைத் தழுவி 2013இல் படம் எடுத்தார். நாவலில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாகக் கங்காணியை நம்பி மலையேறுகிறார்கள். படத்தில் ராசா மட்டும் போகிறான். அவன் பிள்ளையைச் சுமக்கும் அங்கம்மா ஊரிலேயே நிற்கிறாள். பிரிவு என்பதைக் கண்ணுக்குக் காட்டலாம். வருடக்கணக்கில் ஊறும் கடனையும் கங்காணிக் கணக்கையும் அப்படிக் காட்ட முடியாது. வடிவத்துக்கு ஏற்ற மாற்றம் என்றே இதைச் சொல்வேன்.

தோட்டத்துக்குப் போகும் நடைப்பயணமும் அப்படித்தான். வழியில் விழுந்தவனை உயிரோடு விட்டுவிட்டுக் கூட்டத்தைக் கங்காணி நகர்த்தும் இடைவேளைக் காட்சியை மலையகத்தில் எவரும் வெறும் கதையாகப் பார்க்கமாட்டார்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காடு வழியாக நடந்தவர்களில் வீழ்ந்தவர்களும் அப்படித்தான் கிடந்தார்கள்.

ஆனால் டாக்டர் விஷயத்தில் பாலாவை மன்னிக்க எனக்கு மனமில்லை. நாவலின் டாக்டர் ஆபிரகாம் தொழிலாளர் பக்கம் நின்று தோட்டத்து நிலைமையை மாற்றப் பாடுபடுபவர். படத்தில் வரும் டாக்டரோ மதம் பரப்ப ஆடிப்பாடும் கேலிப் பாத்திரம். இதைக் கமெராவும் கேட்கவில்லை, நேரமும் கேட்கவில்லை. இது இயக்குநரின் தெரிவு, அதுவும் தவறான தெரிவு. டேனியலே தோட்டத்து டாக்டர் என்பதை நினைத்தால் அந்தக் கேலி இன்னும் கசக்கிறது.

நம் பக்கத்து நாவல்களும் இருக்கின்றன. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இலேயே வந்துவிட்டது. படம் எடுக்க வருகிறவர் அதன் முடிவை மாற்றட்டும், நான்கு பாத்திரத்தை ஒன்றாக்கட்டும், தடையில்லை. லயத்தையும் பெரட்டுக்களத்தையும் மட்டும் பின்னணியில் தள்ளிவிடாமல் முன்னால் வைக்கட்டும். வாசகருக்கும் ஒரு யோசனை: ‘பரதேசி’யை ஏற்கெனவே பார்த்திருந்தால் ‘எரியும் பனிக்காடு’ நூலைத் தேடி எடுங்கள், டாக்டர் வரும் பக்கங்களை நிதானமாக வாசியுங்கள்.