கிருமியை அடையாளம் காணும் நெல்

செஞ்சி அருகே மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி எழுந்தது என்கிறது அங்குள்ள கல்வெட்டு. செஞ்சி வட்டாரத்து நெற்பயிருக்கும் இல்லாதவை பல. ரத்தம் இல்லை, கிருமியைத் தேடிப்போகும் வெள்ளணு இல்லை. ஆகவே ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

நம் விவசாயிகள் ஆந்திரா பொன்னி என்னும் பி.பி.டி. 5204 ரகத்துக்குப் பெரும் எதிரி பாக்டீரியா இலைக்கருகல். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளினால் அந்தக் காயமே கிருமிக்கு வழியாகிவிடும். இலை நுனியிலிருந்து ஓரம் வழியாக மஞ்சள் இறங்கி, வைக்கோலாகக் காயும்.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்று இந்நோயைத் தாங்கியது. அதற்குக் காரணமான எக்ஸ்ஏ21 மரபணுவை 1995-இல் பமீலா ரொனால்டின் குழு பிரித்தெடுத்தது. அது உருவாக்கும் புரதம் ஓர் ஏற்பி. செல்லின் சவ்வில் குத்தி நிற்கிறது. வெளியே நீண்ட பகுதி, பாக்டீரியா சுரக்கும் ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. உடனே உள்பகுதி விழித்து, செல்லுக்குள் செய்தி அனுப்புகிறது. தற்காப்பு மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. பாக்டீரியாவின் பெருக்கம் தடைபடுகிறது. சில கிருமிகள் தம் புரதங்களைச் செல்லுக்குள்ளேயே செலுத்திவிடும். அவற்றை உணர உள்ளேயும் வேறு ஏற்பிகள் உண்டு. அவை கண்டுகொண்டால் பெரும்பாலும் அந்தச் செல்லே மடிந்து, கிருமி பரவாமல் தடுக்கும். இந்தத் தியாகம்தான் எனக்குப் பெரும் வியப்பு.

ஆனால் ராக்ஸ்எக்ஸ் சற்றே மாறினாலும் கிருமி தப்பிவிடலாம். ஓர் ஏற்பியை மட்டும் நம்பி ஒரு ரகத்தை விதைப்பது ஆபத்து. அதனால்தான் ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும், ஆந்திரா பொன்னியில் எக்ஸ்ஏ21-ஐயும் எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 ஆகிய வேறு இரு மரபணுக்களையும் சேர்த்தன. மரபணு மாற்றம் செய்யாமல், ஒட்டுச்சேர்க்கையாலேயே உருவான அந்த ரகம் 2008-இல் வெளியானது. இவற்றில் எக்ஸ்ஏ13 ஏற்பியே அல்ல. செல்லின் சர்க்கரையை வெளியே கசியவிடும் மரபணுவைத் தூண்டித்தான் பாக்டீரியா பசியாறுகிறது. எக்ஸ்ஏ13 உள்ள நெல்லில் அந்தத் தூண்டுகோல் பொருந்துவதில்லை. சாப்பாடு கிடைக்காமல் கிருமி தளர்கிறது.